எதிரொலியில் தெரியும் பிள்ளை: அல்ட்ராசவுண்டும் நெகிரி செம்பிலான் தோட்டங்களும்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் எந்த அரசாங்கக் கிளினிக்குக்குப் போனாலும், கர்ப்பிணிப் பெண்கள் வரும் நாளில் 'டாப்டோன்' சத்தம் கேட்கும். தாதி வயிற்றில் கொஞ்சம் ஜெல் தடவி, கைக்குள் அடங்கும் குமிழை வைத்து, இப்படியும் அப்படியும் சாய்த்துத் தேடுவார். இரைச்சலுக்கு நடுவே திடீரென்று வேகமாக ஒரு துடிப்பு பிடிபடும். "இதான்மா பிள்ளையோட நெஞ்சு" என்பார். சில தாய்மார் சிரிப்பார்கள், சிலருக்குக் கண் கலங்கும். உள்ளதைச் சொன்னால், அது பிள்ளையின் இதயம் எழுப்பிய சத்தமே இல்லை. கருவி நொடிக்கு 20 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை, அதாவது 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியை, உள்ளே அனுப்புகிறது. மனிதக் காது 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. அனுப்பிய ஒலி அசையும் இதயச் சுவரில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறிவிடுகிறது. சுவர் நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் கருவியை நோக்கி வந்தால் அந்த மாற்றம் ஏறக்குறைய 260 அதிர்வு. போனதையும் வந்ததையும் கழித்து, மிஞ்சிய அந்த 260ஐக் கருவி ஒலிபெருக்கியில் விடுகிறது. கழித்து வந்த எண் நம் காது கேட்கும் எல்லைக்குள் விழுந்தது நம் அதிர்ஷ்டம். டாப்ளர் 1842இல் நட்சத்திர ஒளியைப் பற்றிச் சொன்ன விதிதான் இது; பிள்ளைப்பேற்றுக்கு அது உதவும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

திரையில் தெரியும் ஸ்கேன் படமும் இதே ரகம்தான். எதிரொலி எந்த நேரத்தில், எவ்வளவு பலத்தோடு திரும்பியது என்பதை வைத்துக் கருவி போட்டுக் காட்டும் கணக்கு அது. கணக்கில் சில ஊகங்கள் உண்டு. ஊகம் பிசகினால் படமும் பிசகும். ஆகவே கருவியைப் பிடிக்கும் கையையும், படத்தைப் படிக்கும் கண்ணையும், படித்த பிறகு நடக்கும் காரியத்தையும் விட்டுவிட்டு 'ஸ்கேன் வசதி வந்துவிட்டது' என்று பேசுவதில் பொருளில்லை. ரந்தாவ் பக்கத்து லின்சம், போர்ட்டிக்சன் பக்கத்துச் சுவா பெத்தோங், பகாவ் பக்கத்து ஜெராம் பாடாங் என்று பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த லயங்களில், அதாவது தோட்ட வரிசைவீடுகளில், வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதைப் பார்ப்பதற்கு முன், கணக்கே எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

தோட்டத்துக் கோயிலில் திருவிழா நடக்கும்போது தூரத்து லயத்தில் இருந்து கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். முதலில் காதில் விழுவது உறுமியின் தாழ்ந்த ஒலிதான். கிட்டே போகப் போகத்தான் தாளத்தின் சிணுங்கல் சேரும். உயர்ந்த அதிர்வெண்ணைக் காற்றும் இலை தழையும் சீக்கிரம் தின்றுவிடுகின்றன. தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது, மரத்தைச் சுற்றி வளைந்து வந்துவிடுகிறது. 200 அதிர்வு கொண்ட ஒலியின் அலைநீளம் காற்றில் 1.7 மீட்டர். அதற்குப் பால்மரம் ஒரு தடையே இல்லை. தடையாக இல்லாததால் மரம் இருப்பதை அந்த ஒலி நமக்குச் சொல்லவும் சொல்லாது.

இந்த இரண்டு உண்மைகளுக்குள் அல்ட்ராசவுண்டின் மொத்த இயற்பியலும் அடங்கிவிடுகிறது. ஒரு பொருளைப் பிரித்துக் காண வேண்டுமானால் அலைநீளம் அந்தப் பொருளைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். உடலின் மெல்லிய திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் ஓடுகிறது. காற்றில் 340, தண்ணீரில் 1480, எலும்பில் 4000 அளவில். அதே 200 அதிர்வு ஒலியை வயிற்றுக்குள் விட்டால் அலைநீளம் 7.7 மீட்டர், ஆளைவிடப் பெரியது. அதை வைத்துப் பிள்ளையின் விரலைப் பார்க்க முடியாது. 3.5 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் அலைநீளம் 0.44 மி.மீ. ஆகிவிடும், விரல் தெரியும். அப்படியானால் இன்னும் ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால், இரண்டாவது உண்மை குறுக்கே நிற்கிறது. திசு ஒரு செ.மீ.க்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, ஏறக்குறைய அரை டெசிபெல் ஒலியை விழுங்குகிறது. 15 செ.மீ. ஆழத்தில் இருக்கும் ஒன்றைப் பார்க்க ஒலி போகவர 30 செ.மீ. ஓட வேண்டும். 3.5 மெகாஹெர்ட்ஸில் திரும்பி வருவது, எதிரொலிப்பில் போகும் இழப்பைச் சேர்க்காமலே, அனுப்பியதில் ஒன்றே முக்கால் லட்சத்தில் ஒரு பங்கு. 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் மூவாயிரம் கோடியில் ஒரு பங்கு. அதனால்தான் வயிற்றுக்கு 2 முதல் 5 வரை, கழுத்துக்கும் மார்புக்கும் தசைநாருக்கும் 7 முதல் 15 வரை என்று தனித்தனிக் குமிழ்கள் வைத்திருக்கிறார்கள். ஆழமும் வேண்டும், நுணுக்கமும் வேண்டும் என்றால் இயற்பியல் ஒப்புக்கொள்ளாது.

சர் சி.வி. ராமனை இங்கே ஒரு வரி நினைத்துக்கொள்ளலாம். ராமன் விளைவுக்காக நோபல் வாங்கிய திருச்சிக்காரர் மிருதங்கத்தின் தோலையும் ஆராய்ந்தவர். நடுவில் அப்பிய கரணை எப்படி அதன் மேல்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார். பிறகு 1935-36இல் நாகேந்திரநாத்துடன் சேர்ந்து, திரவத்தில் ஓடும் அல்ட்ராசவுண்ட் அலை ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்பதற்குக் கணிதம் எழுதினார். மருத்துவத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனாலும் மத்தளத்தில் தொடங்கி மெகாஹெர்ட்ஸுக்குப் போனவர் ஒரு தமிழர் என்பது நம் பள்ளிப் பாடங்களில் விட்டுப்போனது.

குமிழுக்குள் இருப்பது அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் அதிரும் ஒரு பொருள். பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக்கும் 1880இல் கண்டுபிடித்த குணம் இது. அதே வில்லைதான் கத்தவும் செய்கிறது, காது கொடுக்கவும் செய்கிறது. கத்துவது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி, மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எதிரொலி 13 மைக்ரோநொடியில் வந்தால் அந்தப் பொருள் 1 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது, 130 மைக்ரோநொடி என்றால் 10 செ.மீ. இப்படி ஒரு கோட்டைப் போட்டு முடிக்க 15 செ.மீ. ஆழத்துக்கு 195 மைக்ரோநொடி ஆகும். பக்கத்தில் பக்கத்தில் 128 கோடு போட்டால் ஒரு படம். நொடிக்கு 40 படம் வரும். அதனால்தான் பிள்ளை கை அசைப்பது அசைவாகவே தெரிகிறது.

இதில் 1540 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஜார்ஜ் லுட்விக் பலவகைத் திசுக்களில் ஒலியின் வேகத்தை அளந்து 1950இல் வெளியிட்ட சராசரி அது. இன்றும் உலகத்தில் உள்ள ஸ்கேன் கருவிகள் பெரும்பாலும் அந்த எண்ணை நம்பித்தான் ஓடுகின்றன. கொழுப்பில் வேகம் 1450தான். 5 செ.மீ. கொழுப்பு அடுக்கைக் கடந்து பார்க்கும்போது கருவி அதை 5.3 செ.மீ. என்று கணக்குப் பண்ணும். அடியில் இருப்பதெல்லாம் 3 மி.மீ. தள்ளிப் படத்தில் விழும். கோடுகள் வளைந்து ஒன்றோடொன்று சேராமல் போவதால் படம் மங்கவும் செய்யும். பருமனான வயிற்றில் 'படம் சரியா வரலை' என்று மருத்துவர் சொன்னால் அது கருவியின் வயதைப் பற்றிய குறை இல்லை, பெரும்பாலும். 2019 தேசிய உடல்நல ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னணியில். நீரிழிவுக்காரத் தாயின் பிள்ளை பெரிதாக வளரக்கூடும் என்பதால் எடையைக் கணிக்க ஸ்கேன் அதிகம் தேவைப்படுகிறது. அந்தத் தாய்மாரில் பலர் பருமனானவர்கள். ஆக, யாருக்கு அளவு துல்லியமாக வேண்டுமோ அவர்களிடம்தான் அளவு தள்ளாடுகிறது.

எதிரொலி எங்கே பிறக்கிறது? இரண்டு திசுக்கள் சந்திக்கும் எல்லையில், அவற்றின் அடர்த்தியும் ஒலிவேகமும் வேறுபடும்போது. கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே ஒரு விழுக்காடு ஒலி திரும்பும், மீதி உள்ளே போகும். இது நமக்குச் சாதகம். எலும்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் திரும்பும். அதற்குப் பின்னால் நிழல். காற்றில் 99.9 விழுக்காடு திரும்பிவிடும். அதாவது காற்று இருக்கும் இடத்தில் ஸ்கேன் குருடு. தோலுக்கும் குமிழுக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று இருந்தாலும் படம் கிடையாது. ஜெல் அதற்காகத்தான், வழுக்குவதற்காக மட்டும் இல்லை. குடலில் வாயு இருந்தாலும் அதே கதி.

தோட்டத்து ஆட்களுக்கு இந்த 99.9 விழுக்காடு இயற்பியல் பாடத்தில் அறிமுகமானதில்லை, பஸ் ஸ்டாண்டில் அறிமுகமானது. பித்தப்பை ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், சுருங்கிய பையில் கல்லைக் காண்பது கடினம். குடலிலும் வாயு சேரும். பகாவ் பக்கத்தில் இருந்து விடிகாலை கிளம்பி, கோல பிலா வந்து, புக்கிட் புத்துஸ் வளைவுகளில் இறங்கி சிரம்பான் வருகிறவர், இறங்கியதும் எதிர்க் கடையில் ஒரு ரொட்டி சானாயும் தே தாரேயும் முடித்துவிட்டு உள்ளே போனால், அன்றைய பயணமும் ஒரு நாள் கூலியும் போச்சு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் நேர்மாறு: தண்ணீர் நிறையக் குடித்து, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். நிறைந்த மூத்திரப்பை குடலை ஒதுக்கித் தள்ளிவிடும். தண்ணீர் ஒலியை அதிகம் விழுங்காது, அதனால் பின்னால் இருக்கும் கருப்பை பளிச்சென்று தெரியும். மலைப்பாதை பஸ்ஸில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தவர்களைக் கேட்டால் இந்த விதியை யாரும் மறக்காத விதத்தில் விளக்குவார்கள். காரணத்தைச் சொல்லாமல் 'புவாசா' (வெறும் வயிறு) என்று மட்டும் சீட்டில் எழுதிக் கொடுப்பதால்தான் பாதிப் பேர் தேநீர் மட்டும் குடிக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். இரண்டு வாக்கியத்தில் தமிழில் விளக்கினால் யாரும் கேட்டுக்கொள்வார்கள்.

ஒலியைக் கொண்டு உடலுக்குள் பார்ப்பது புதிதுமில்லை. வியன்னாவில் மருத்துவம் பார்த்த அவுன்பிருக்கர் 1761இல் நெஞ்சைத் தட்டி, நீர் கோத்த இடத்தைச் சத்தத்தால் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். லெனெக் 1816இல் காகிதத்தைச் சுருட்டிக் காதில் வைத்ததில் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. பினார்டின் கூம்பு 1895. நம் பாட்டிமார் காலத்தில் தாதிகள் வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்திய அந்தக் கூம்பில் கேட்டதுதான் பிள்ளையின் உண்மையான இதய ஒலி. காதுக்கும் முன்னால் கை. மலாயாத் தோட்டங்களில் மலேரியா கொள்ளை கொண்ட நாளில், மால்கம் வாட்சன் போன்ற மருத்துவர்கள் லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரலை விட்டு மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று பார்த்தார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தட்டுப்பட்டது என்ற கணக்கே அந்தத் தோட்டத்தின் மலேரியா அளவுகோல். எந்தப் பள்ளத்தாக்கில் வடிகால் வெட்ட வேண்டும் என்பதை அது முடிவு செய்தது. இன்று மண்ணீரலை ஸ்கேனில் மி.மீ. சுத்தமாக அளக்கிறோம். வாட்சனின் விரலுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. ஆனால் அந்த அளவுக்குப் பிறகு ஒரு வடிகால் வெட்டப்பட்டது.

கடலுக்கடியில் நீர்மூழ்கியைத் தேட முதலாம் உலகப்போரின்போது பிரான்சில் லாங்கவன் குவார்ட்ஸ் படிகத்தை அதிரவிட்டதில் இருந்து இன்றைய கதை தொடங்குகிறது. இரும்புத் தகட்டில் விரிசல் பார்க்கும் கருவிகள் அடுத்து வந்தன. கிளாஸ்கோவின் மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்ட் 1955இல் அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் ஆலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஆலைக்காரர்கள் ஒரு துண்டு மாட்டிறைச்சியை வைத்திருந்தார்கள். நீர்க்கட்டிக்கும் தசைக்கட்டிக்கும் எதிரொலி வேறு வேறாக வந்தது. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் மக்விக்கர் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958இல் 'லான்செட்' இதழில் வந்தபோது மலாயா சுதந்திரம் அடைந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

எதிரொலி என்றதும் வௌவாலைச் சொல்லாத புத்தகம் கிடையாது. நெகிரி செம்பிலானில் அதற்கு ஒரு முரண் உண்டு. 1998-99இல் புக்கிட் பெலாண்டோக், கம்போங் சுங்கை நிப்பா பகுதிப் பன்றிப் பண்ணைகளைச் சூறையாடிய நிப்பா வைரஸ் நாடு முழுக்க 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்றது. அதைச் சுமந்த பெரிய பழந்தின்னி வௌவால் எதிரொலியை நம்பிப் பறப்பதில்லை. கண்ணையும் மூக்கையும் நம்புவது அது. எதிரொலியில் வேட்டையாடுவது லயத்துக் கூரையில் தொங்கும் சின்னப் பூச்சிதின்னி வௌவால்.

இனி முக்கியமான கேள்வி. ஸ்கேன் வந்ததால் தோட்டத்துத் தாய்மார் பிழைத்தார்களா?

சுதந்திரம் பெற்ற 1957இல் மலாயாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஏறக்குறைய 280 தாய்மார் இறந்தார்கள். 1990களில் அது 50க்குக் கீழே வந்துவிட்டது. இந்தச் சரிவை இலங்கையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, டாக்டர் இந்திரா பத்மநாதனும் அவர் குழுவினரும் 2003இல் உலக வங்கிக்காக ஒரு நூல் எழுதினார்கள். அவர்கள் காட்டும் காரணங்கள்: பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் கிராமத்திலேயே குடியிருந்தது, மேலே அனுப்ப ஆஸ்பத்திரி இருந்தது, போக ரோடும் வண்டியும் இருந்தது, இவற்றுக்குக் காசு கேட்கவில்லை, ஒவ்வொரு மரணமும் விசாரிக்கப்பட்டது. ஸ்கேன் கருவி கிளினிக் கிளினிக்காகப் பரவும் முன்பே பெரும்பகுதி சரிவு நடந்து முடிந்துவிட்டது. தாதியிடம் இருந்தது கூம்பு, ரத்த அழுத்தப் பட்டை, சிறுநீர் சோதிக்கும் தாள், கருப்பை உயரத்தை அளக்கும் தையற்காரர் டேப். இருபது வாரத்துக்குப் பிறகு அந்த உயரம் செ.மீ. கணக்கில் ஏறத்தாழ வாரக் கணக்கோடு ஒத்துப்போகும், ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கை. கர்ப்பிணியின் பதிவுப் புத்தகத்தில் ஒட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்கள்தான் யார் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை இன்றுவரை முடிவு செய்கின்றன. சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி.

வெளிநாட்டுச் சோதனைகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. அமெரிக்காவில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த 'ரேடியஸ்' ஆய்வு 1993இல் வெளியானது. ஆபத்தில்லாத தாய்மாருக்கு வழக்கமாக ஸ்கேன் செய்வதால் பிள்ளைகளின் நலம் மேம்படவில்லை. அதைவிட நமக்கு நெருக்கமானது 'ஃபர்ஸ்ட் லுக்' ஆய்வு. கென்யா, ஸாம்பியா, காங்கோ, பாகிஸ்தான், குவாத்தமாலா ஆகிய நாடுகளில் கிராமப்புறச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஸ்கேன் கருவியைக் கையில் கொடுத்தார்கள். 2018இல் வந்த முடிவு: தாய்மார் மரணம், பிள்ளை மரணம், ஆஸ்பத்திரிப் பிரசவம் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆபத்தைக் கண்டுபிடித்தார்கள்; அனுப்பிவைத்த இடத்தில் அதைத் தீர்க்க ஆளும் வசதியும் போதவில்லை.

இதைப் படித்துவிட்டு ஸ்கேன் வீண் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் மூன்று மாதத்தில் தலையுச்சியில் இருந்து பிட்டம் வரை அளந்தால் கர்ப்பத்தின் வயது சில நாள் பிசகில் தெரிந்துவிடும். ராபின்சன் 1973இல் கிளாஸ்கோவில் வகுத்த முறை அது. இங்கே நம் வீடுகளில் நடப்பது தெரிந்ததுதானே. 'பொங்கலுக்குப் பிறகு குளிக்கலை' என்று மருமகள் சொல்வார், மாமியார் விரல்விட்டு வேறு கணக்குச் சொல்வார், வளைகாப்புக்கு நாள் பார்ப்பவர் மூன்றாவது கணக்குச் சொல்வார். பிள்ளை நாள் கடந்ததா, சரியாக வளரவில்லையா என்று முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் இந்த மூன்று கணக்கும் உதவாது. வயது சரியாகத் தெரிந்தால் தேவையில்லாமல் வலி வரவைப்பது குறையும். இரட்டைப் பிள்ளையை முன்கூட்டியே அறியலாம். நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தால் தோட்டத்து ரோட்டில் ரத்தம் போகும் முன் சிரம்பானில் படுக்கை தயார் பண்ணலாம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது இதனால்தான்.

பிள்ளைப்பேற்றுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. டெங்கியில் ரத்த நாளம் கசியத் தொடங்கினால் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்வதையும் பித்தப்பைச் சுவர் தடிப்பதையும் ஸ்கேன் சீக்கிரமே காட்டும். கல்லீரலைப் பற்றிப் பேச நாம் கொஞ்சம் கூச்சப்படுகிறோம். கள்ளும் சம்சுவும் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைத் தின்றன என்பது ஊரறிந்தது. சாதாரண ஸ்கேனில் கொழுப்பேறிய கல்லீரல் வெளிறித் தெரியும், முற்றிய சுருக்கமும் தெரியும்; நடுவில் இருக்கும் கட்டம் சுலபத்தில் பிடிபடாது. 2000களின் தொடக்கத்தில் பிரான்சில் வந்த ஒரு முறை அழகானது. விலாவில் 50 அதிர்வு கொண்ட ஒரு மெல்லிய இடி கொடுத்து, அதனால் கல்லீரலுக்குள் பக்கவாட்டில் எழும் அசைவு எவ்வளவு வேகத்தில் பரவுகிறது என்று அல்ட்ராசவுண்டால் துரத்திப் பார்க்கிறார்கள். நல்ல கல்லீரலில் அது நொடிக்கு ஒரு மீட்டர் சொச்சம்தான் நகரும், நாம் நடக்கும் வேகம். தழும்பேறி இறுகிய கல்லீரலில் வேகம் கூடும். ஊசி குத்தித் துணுக்கு எடுக்க வேண்டிய தேவை பலருக்கு இதனால் குறைந்திருக்கிறது.

இவ்வளவும் யாருக்கு, எங்கே என்பதில்தான் சிக்கல். தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரசர் என்ற மருத்துவ உதவியாளரும் ஒரு காலத்தில் நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தார்கள். டிரசருக்கென்றே 1965இல் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டம் வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, மருத்துவம் எல்லாவற்றையும் தொட்டது. சட்டம் வந்த நேரத்தில் தோட்டங்கள் உருமாறிக்கொண்டிருந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயத்துச் சனம் சிரம்பான், செனாவாங், நீலாய் அடுக்குவீடுகளுக்குப் பெயர்ந்தது. அங்கே அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட், நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். தனியார் கிளினிக்கில் கேட்டதும் ஸ்கேன். படத்தைப் பிரிண்ட் போட்டும் கொடுப்பார்கள். ஆணா பெண்ணா என்பதையும் கூசாமல் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர்கள் இதைக் கேட்டு அசந்துபோவதுண்டு. உசிலம்பட்டியின் பெயர் பெண்சிசுக் கொலையோடு சேர்த்துப் பேசப்பட்ட காலத்துக்குப் பின், இந்தியா 1994இல் கருவின் பாலினத்தைச் சொல்வதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. அங்கே ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு செய்யப்பட்டது. அது எந்த அறையில் இருக்கிறது என்பதுவரை அரசாங்கத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஒரே எதிரொலி, ஒரே கணக்கு. சிரம்பானில் அது இனிப்புச் செய்தி, மதுரை மாவட்டத்தில் ஒரு காலத்தில் அது தண்டனைத் தீர்ப்பு.

இப்போது கருவியே சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. படிக வில்லைகளுக்குப் பதிலாகச் சிலிக்கன் சில்லில் ஆயிரக்கணக்கான நுண் மத்தளங்களைச் செதுக்கிய 'பட்டர்ஃபிளை' போன்ற குமிழ்கள் கைப்பேசியில் செருகினால் ஓடும். ஸாம்பியாவிலும் அமெரிக்காவின் வடக்குக் கரோலைனாவிலும் நடந்த ஓர் ஆய்வு 2022இல் காட்டியது இன்னும் ஒரு படி மேல்: ஸ்கேன் தெரியாத ஒருவர் வயிற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் குமிழை இழுத்தால் போதும், செயற்கை நுண்ணறிவு கர்ப்ப வயதை நிபுணருக்கு நிகராகக் கணித்துவிடுகிறது. இனிப் படிக்கும் கண்ணும் அவசியமில்லையா என்ற கேள்வி எழும். வயது, தலை எந்தப் பக்கம், பிள்ளை ஒன்றா இரண்டா, நெஞ்சு துடிக்கிறதா என்பதுபோன்ற குறுகிய கேள்விகளுக்கு இந்தக் கருவிகள் போதுமானவையாகிவிடும் என்றே தோன்றுகிறது. இதயக் கோளாறு, நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரைத் துளைத்து வளர்வது போன்றவற்றுக்கு அனுபவப்பட்ட கை இன்னும் நெடுநாள் வேண்டியிருக்கும். பாதுகாப்பைப் பற்றிய பயத்துக்கு அதிக இடமில்லை. எக்ஸ்ரே போல் இது அணுக்களைப் பிய்ப்பதில்லை. திசுவைச் சற்றே சூடாக்கலாம் என்பதால் தேவையான நேரத்துக்கு மட்டும் என்ற விதி உண்டு. டாப்டோனை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கேட்பது மட்டும் வேண்டாத வேலை. தாயின் நாடித் துடிப்பையே பிள்ளையுடையது என்று நம்பி, அசைவு குறைந்ததைக் கவனிக்காமல் விட்டுவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

சட்டைப்பைக் குமிழைத் தோட்டத்துக்கு எடுத்துப்போனால் அங்கே வயிற்றைக் காட்டப்போவது யார் என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஜெராம் பாடாங்கிலும் சுவா பெத்தோங்கிலும் இன்று செம்பனைக் குலை வெட்டுவதிலும் மருந்தடிப்பதிலும் இருப்பவர்களில் பெரும்பங்கு இந்தோனேசியாவில் இருந்தும் வங்காளதேசத்தில் இருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு ரிங்கிட் கணக்குக் கிடையாது, முழுக் கட்டணம். பெண் தொழிலாளர்களுக்கு அதைவிடக் கடினமான விதி ஒன்று உண்டு. வேலை அனுமதிக்காகச் செய்யும் மருத்துவச் சோதனையில் கர்ப்பமும் பார்க்கப்படுகிறது. கர்ப்பம் என்று தெரிந்தால் 'தகுதியில்லை', திரும்பிப் போக வேண்டியதுதான். அந்தப் பெண்ணிடம் போய் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள் அம்மா என்று உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? எட்டு மாதம்வரை தளர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு குலை பொறுக்கத்தான் போவார்.